இரண்டு பூட்டுப் போட்ட பீரோ: கடலூர் சபை ஒன்றில் வெளியூர் ஊழியர் செய்த ஒன்பது நாள் பணி – மதிப்புரை

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு தனிச் சபை. திருமண்டலம், சினாடு என்று மேலே நின்று நிர்வகிக்க யாரும் கிடையாது; சங்கமாகப் பதிவான சபை. ஏறக்குறைய 110 குடும்பம். கட்டட நிதிக் கணக்கைச் சொல்லி இரண்டாகப் பிரிந்து, இரண்டு வருஷமாக ஒரு தரப்புக்குக் காலை 7 மணி ஆராதனை, மறு தரப்புக்கு 10 மணி. ஒரே கட்டடம், ஒரே பீடம்தான். ஆனால் முதல் கூட்டம் கலைந்து போய், அடுத்த கூட்டம் வந்து திறக்கும்வரை கதவு பூட்டிக் கிடக்கும். வெஸ்ட்ரி என்னும் போதகர் அறையில் ஓர் இரும்பு பீரோ. அதன் கொண்டியில் இரண்டு பூட்டு, தரப்புக்கு ஒன்று. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, திருவிருந்துப் (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) பாத்திரம் மூன்றும் உள்ளே. இரண்டு பேர் சேர்ந்து வந்தால்தான் திறக்க முடியும், சேர்ந்து வரமாட்டார்கள். ஞானஸ்நானச் சான்று கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கல்யாண ஓலையை (திருமண முன்னறிவிப்பை) 7 மணிக்கு வாசிப்பதா, 10 மணிக்கு வாசிப்பதா என்று தீராமல் பெண் வீட்டார் வேறு சபையில் போய்க் கல்யாணத்தை முடித்தார்கள்.

ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்கும் தென் மாவட்டத்து ஊழியர் ஒருவர் இந்தச் சபைக்கு வந்து ஒன்பது நாள் ஒப்புரவுப் பணி செய்தார். அந்தப் பணியைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. விவகாரம் இன்னும் நிலுவையில் இருப்பதால் சபையின் பெயரும் ஊழியரின் பெயரும் வேண்டாம். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஐந்துக்கு மூன்றரை. அதில் பெரும்பகுதி பிரசங்க மேடைக்கு வெளியே அவர் செய்ததற்கு. குறைந்தது எங்கே என்பது கீழே வரும்.

பிளவுபட்ட சபைகள் வழக்கமாக வாங்குவது மூன்று நாள் கன்வென்ஷன். மைதானத்தில் பந்தல், மேடை, பெரிய ஸ்பீக்கர், கீபோர்டு. மூன்றாம் ராத்திரி, மனம் திரும்புகிறவர்கள் வரலாம் என்று அழைப்புக் கொடுத்ததும் இரண்டு தரப்புத் தலைவர்களும் முன்னால் வந்து கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். எல்லோரும் அழுவார்கள், அந்த அழுகை பொய்யும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை ரசீதுப் புத்தகம் யார் கையில், சாவி யார் கையில் என்ற கேள்வி அப்படியே இருக்கும். அடுத்த ஞாயிறே பழையபடி இரண்டு ஆராதனை. தலைவர்கள் ஊர் பார்க்க அணைத்துக்கொண்டு பிறகு பிரிந்தால் பிளவு முன்னைவிட இறுகும். “அன்றைக்கு மேடையில் அழுதாரே, இப்போது என்ன செய்கிறார் பாருங்கள்” என்ற பேச்சு கூடுதலாகச் சேர்ந்துகொள்ளும்.

இவர் அழைப்பை ஏற்பதற்கு முன்பே நான்கு நிபந்தனை வைத்தார். அழைப்புக் கடிதத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தரப்பு மட்டும் அனுப்பிய முதல் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது, சபையின் பைலா (சங்க விதிகள்), உறுப்பினர் பட்டியல், கடைசி மூன்று வருஷக் கணக்கு ஆகியவற்றின் நகல் முன்கூட்டியே வேண்டும். மூன்றாவது, நோட்டீஸில் இடம், நேரம், ஒரு வசனம் தவிர எதுவும் இருக்கக் கூடாது. சபைக்குள் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். யார் பெயர் முதலில், யார் படம் பெரிது என்பதிலேயே பாதி நோட்டீஸ்கள் புதுச் சண்டையைக் கிளப்பிவிடும். நான்காவது, தங்குவதும் சாப்பிடுவதும் இரண்டு தரப்பிலும் யார் வீட்டிலும் கிடையாது. திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாதாரண லாட்ஜ் அறை, ஓட்டல் சாப்பாடு. அறை வாடகையும் பயணச் செலவும் இரண்டு தரப்பும் சரிபாதி. மேடைக் காணிக்கை வாங்கவில்லை.

நான்காவது நிபந்தனைதான் மற்ற மூன்றையும் தாங்கியது. அப்போஸ்தலன் பவுல் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். ஊழியத்துக்காக அந்தச் சபையாரிடம் பொருள் பெறும் உரிமை தமக்கு உண்டு என்று வாதாடிவிட்டு, அதை வேண்டாம் என்றும் விட்டார். தாழ்மை என்று மட்டும் அதைப் படித்தால் பாதிதான் பிடிபடும். கட்சி பிரிந்த ஊரில் ஒரு வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தாலே அந்த வீட்டுக் கட்சி ஆகிவிடுகிறோம். மீன் குழம்பு எந்த வீட்டில் சாப்பிட்டார் என்பது அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு தெருவுக்கும் தெரிந்துவிடும். வீடு சந்திக்கப் போன இடங்களில் இவர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். ஆனால் எல்லா வீட்டிலும் குடித்தார், அதே வீட்டுச் சொம்பில். யாருடைய சொம்பு, யார் வாய் வைத்தார் என்பதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் கவனிப்பார்கள்.

முதல் நான்கு நாள் பிரசங்கமே இல்லை, வீடு சந்திப்பு மட்டும். ஒரு நாளைக்கு 27, 28 வீடு, வீட்டுக்குக் கால் மணி நேரம். முதல் நாள் காலை ஒரு தெரு, மாலை மறு தெரு. மறுநாள் அதைத் திருப்பிப் போட்டார். எல்லா வீட்டிலும் அதே மூன்று கேள்வி: இந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, கடைசியாக எப்போது திருவிருந்து எடுத்தீர்கள், மறு தரப்பில் உங்களுக்குச் சொந்தக்காரர் யார். மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி. சண்டைக்கு முன்னால் கொண்டு கொடுத்த வீடுகள் எவை என்று ஒரு பட்டியல் அதில் கிடைத்தது. பிற்பாடு பொது விருந்தின் கஞ்சிக்கு ஆள் போட்டதும் கணக்குப் பார்க்க ஆள் போட்டதும் அந்தப் பட்டியலை வைத்துத்தான்.

வீட்டுக்குள் போவது இந்தக் கடற்கரையில் சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. 1704-ல் திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையில், நோயில் கிடக்கும் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவரின் வீட்டுக்குள்ளேயே குருக்கள் போய் அருட்சாதனம் (திருச்சடங்கு) தர வேண்டும் என்பதும் ஒரு விதி. ஆணை போட்டுச் சொல்லவேண்டிய நிலை அன்று இருந்தது. 1745-ல் புதுச்சேரிக் கோவிலுக்குள் சாதி பார்த்துப் பிரித்து வைத்திருந்த சுவர் இடிக்கப்பட்டதையும், அதனால் எழுந்த கலகத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கடலூர்ப் பக்கமும் அப்படித்தான். சபைக்குள் சாதியை என்ன செய்வது என்ற கருத்து வேறுபாட்டில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனை விட்டு விலகிய கார்ல் ஓக்ஸ், 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணி டேனிஷ் மிஷனாக வளர்ந்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் வழி வந்ததுதான். முதுநகர்ச் சபைக்காரர்கள் இரு தரப்பும் “கணக்குத் தகராறு” என்றே சொல்வார்கள். 7 மணிக் கூட்டம் பெரும்பாலும் ஒரு தெரு, 10 மணிக் கூட்டம் பெரும்பாலும் மறு தெரு என்பதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஊழியர் அதை இரண்டாம் நாள் பிரசங்கத்தில் சாதி என்று பெயர் வைத்தே சொன்னார். முணுமுணுப்பு எழுந்தது. எழுந்து போனவர்கள் ஏழெட்டுப் பேர். அடுத்த நாள் அவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

பிரசங்கம் மூன்று நாள், மாலை 7 முதல் 8.30 வரை, கோவிலுக்குள்ளேயே. கூம்பு ஸ்பீக்கர் இல்லை, உள்ளே இரண்டு பாக்ஸ் மட்டும். (பந்தல் போட்டு ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் காவல் நிலைய அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. ஒரு தரப்பு அனுமதி வாங்கினால் மறு தரப்பு புகார் கொடுக்கும். உள்ளேயே வைத்துக்கொண்டது புத்திசாலித்தனம்.) எடுத்துக்கொண்டது ஒன்று கொரிந்தியர், கட்சி பிரிந்த கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய கடிதம்: முதல் நாள் 1-ம் அதிகாரம், இரண்டாம் நாள் 11, மூன்றாம் நாள் 6. “நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன்” என்பதைச் சொல்லிவிட்டு, நான்காவதாக “நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்” என்பதையும் பவுல் கட்சிப் பட்டியலிலேயே போடுகிறார் என்று காட்டிய இடம் முதல் நாளின் உச்சம். இரண்டு தரப்பிலும் “நாங்கள்தான் வேதத்தின்படி நடக்கிறோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. 13-ம் அதிகாரத்தைத் தொடவே இல்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசித்து அந்த அன்பு அதிகாரம் எல்லோருக்கும் மனப்பாடம். கேட்டதும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது.

11-ம் அதிகாரப் பிரசங்கம் இந்த ஒன்பது நாளில் மிகச் சிறந்த முப்பத்தைந்து நிமிஷம். கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியோடு இருக்கிறான், ஒருவன் குடித்து வெறித்திருக்கிறான் என்று பவுல் கடிந்துகொள்வதை வைத்துக்கொண்டு, கொரிந்துவின் பிளவு சாப்பாட்டுத் தட்டில்தான் கண்ணுக்குத் தெரிந்தது என்று விளக்கினார். விளக்கத்தோடு விடாமல் சனிக்கிழமை பிடியரிசி கேட்டார். அதுவரை சமைக்கும்போதெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு பிடி எடுத்து வைத்து, சனி காலை கோவிலுக்குக் கொண்டுவந்து ஒரே அண்டாவில் கொட்ட வேண்டும். பெயர் எழுதக் கூடாது, அளக்கக் கூடாது, பொட்டலமாகத் தரக் கூடாது. அவர் ஊர்ப் பழக்கத்தில் இதை “அசனம்” என்று அறிவித்துவிட்டார். இங்கே அந்தச் சொல் வழக்கில் இல்லை. அன்பின் விருந்து என்று இரண்டு பேர் விளக்கிச் சொல்லவேண்டி வந்தது.

இதைச் செய்ய நினைக்கும் சபைகள் சமையல் விவரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இதில்தான் கோட்டை விடுவார்கள். பிடியரிசியில் வருவது கலவை அரிசி: பொன்னி புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி, அங்கங்கே இட்லி அரிசி. இதைச் சோறாக வடித்தால் பச்சரிசி குழைந்துபோகும், புழுங்கல் விறைத்து நிற்கும். “அந்தத் தெருவு ரேஷன் அரிசியால் சோறு கெட்டது” என்று ஒருவர் சொன்னால் போதும், அத்தனையும் பாழ். அதனால் சோறு ஆக்கக் கூடாது, கஞ்சிதான் காய்ச்ச வேண்டும். வந்த 25 கிலோவையும் கல் பொறுக்கிக் களைந்து, நன்றாக உலர்த்தி, மில்லில் ஒரு சுற்று நொய்யாக உடைத்துவிட்டால் எல்லாம் ஒரே பதத்தில் வேகும். ஈரத்தோடு மில்லுக்குக் கொண்டுபோனால் மாவாகிவிடும். வெயில் ஏறுவதற்குள் களைந்து விரித்துவிட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும், மாலைக்குக் கஞ்சி தயார். 25 கிலோ நொய்யோடு 5 கிலோ வறுத்த பாசிப்பருப்பு, ஒன்றரைக் கிலோ பூண்டு, இரண்டு கைப்பிடி வெந்தயம். தண்ணீர் 200 லிட்டர், இரண்டு அண்டாவாகப் பிரித்து. உப்பு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போட்டு, கடைசியில் ருசி பார்த்துச் சேர்க்கலாம். நொய் அடிப்பிடிக்கும், அண்டாவுக்கு ஒருவர் கை எடுக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டுக்கொள்ள 40 தேங்காயில் துவையல். 280 பேருக்குத் தாராளமாக வந்தது. கிண்டுவதற்குச் சொந்தக்காரர் பட்டியலிலிருந்து அண்டாவுக்கு இரண்டு பேரைப் போட்டார்கள், தெருவுக்கு ஒருவராக. பரிமாறினவர்கள் இளைஞர்கள். பந்தி வரிசையைக் கோவில் வாசலில் பேப்பர் சீட்டு எடுத்து முடிவு செய்தார்கள். முதல் பந்தி யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை.

பீரோவைத் திறந்தது வெள்ளிக்கிழமை காலை, பாராட்டு இல்லாமல், போட்டோ இல்லாமல். இரண்டு தரப்புப் பொருளாளர்களும் பதிவேடுகளைச் சரிபார்க்கத்தான் வந்தார்கள். கணக்கு உட்கார்ந்தது அதற்குப் பிறகு. கட்டட நிதி ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டையை வரிசை எண்படி அடுக்கச் சொன்னார் ஊழியர். எண் தொடர்ந்து வருகிறதா என்று மட்டும் பாருங்கள், தொகையைப் பிறகு பார்க்கலாம் என்றார். நடுவில் 50 தாள் கொண்ட ஒரு புத்தகம் முழுசாக இல்லை. வசூலுக்கென்று வெளியூர் உறவினர் ஒருவருக்குக் கொடுத்தனுப்பியது, திரும்பி வரவே இல்லை, பணமும் வசூலாகவில்லை. இரண்டு வருஷமாக “தின்றுவிட்டார்கள்” என்று பேசப்பட்ட தொகையில் பெரும்பகுதி அச்சடித்தும் பயன்படாத ரசீதுகள்தான். இதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் வேண்டாம், இரண்டு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் போதும். அதற்குத்தான் வெளியாள் தேவைப்பட்டது.

ஞாயிறன்று ஒரே ஆராதனை. திருவிருந்தை நடத்தித் தரும்படி இரண்டு தரப்பும் ஊழியரைக் கேட்டார்கள், மறுத்துவிட்டார். உள்ளூர்ப் போதகர்தான் நடத்தினார், இவர் கடைசி வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார். கிறிஸ்பு, காயு, ஸ்தேவான் வீட்டார் தவிர வேறு யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று பவுல் சந்தோஷப்பட்டதன் காரணமும் இதுதான்: தன் பெயரில் ஒரு கட்சி வந்துவிடக் கூடாது. சமாதானம் செய்ய வந்தவரைச் சுற்றியே மூன்றாவது கோஷ்டி கிளம்புவது இந்தப் பணியில் அடிக்கடி நடக்கும் விபத்து. அது இங்கே நடக்கவில்லை.

இனிக் குறைகள். ஆறாம் அதிகாரப் பிரசங்கம் தவறான இடத்தில் போய் நின்றது. சகோதரன் மேல் சகோதரன் வழக்காடலாமா என்று கேட்டது சரி. ஆனால் இந்தச் சபையின் சிக்கலில் பாதி வழக்கு அல்ல, பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும். இரண்டு தரப்பும் தனித்தனியே தேர்தல் நடத்தி, மாவட்டப் பதிவாளரிடம் தனித்தனிப் படிவம் 7 கொடுத்திருக்கிறார்கள். வங்கிக்கும் இரண்டு கடிதம் போய், கணக்கு முடங்கிக் கிடக்கிறது. ஞாயிறு ஆராதனை ஒன்றானாலும் வங்கிக்கு அது தெரியாது. பைலாவில் சொன்ன நாள் கணக்குப்படி எல்லா உறுப்பினருக்கும் நோட்டீஸ் அனுப்பி, ஒரே பேரவைக் கூட்டம் கூட்டி, ஒரே நிர்வாகக் குழுவைத் தேர்ந்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரே படிவம் கொடுத்து, பழைய இரண்டையும் திரும்பப் பெற வேண்டும். இதற்கு ஒரு வழக்கறிஞரோடு அரை நாள் உட்கார்ந்தால் போதும். ஒன்பது நாளில் அந்த அரை நாள் ஒதுக்கப்படவில்லை. நீதிமன்றம் போகாதே என்ற பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, பதிவாளர் அலுவலகம் போவதே பாவம் என்று சிலர் புரிந்துகொண்டதும் நடந்தது. மூன்று மாதம் கழித்தும் கரண்ட் பில்லைக் கைக்காசு போட்டுத்தான் கட்டுகிறார்கள். ஒரு மதிப்பெண் இங்கே போயிற்று.

இன்னொரு அரை மதிப்பெண் பெண்கள் விஷயத்தில். முதல் மூன்று நாள் வீடு சந்திப்பில் பேசினதெல்லாம் ஆண்கள். மாதர் ஐக்கியத்தைக் கூட்டியது நான்காம் நாள் சாயங்காலம்தான். ரசீதுப் புத்தகம் யாரிடம் போனது என்பது அங்கே பலருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. கொரிந்துவின் சண்டையைப் பவுலுக்குச் சொன்னவர்களே குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார்தான். அந்த வசனத்தை மேடையில் வாசித்தவர், பெண்களிடம் முதல் நாளே போயிருக்கலாம்.

பின்தொடர்ச்சி பரவாயில்லை. மாதம் ஒரு கடிதம், இரண்டு தரப்புக்கும் ஒரே கடிதம், ஆராதனையில் வாசிக்கச் சொல்லி. கொரிந்துவுக்கும் ஒரு பயணத்தில் வேலை முடியவில்லை. ஒன்றரை வருஷம் அங்கேயே இருந்த பவுல், பிறகு எபேசுவிலிருந்து கடிதம், துக்கத்தோடு ஒரு வருகை, கண்ணீரோடு இன்னொரு கடிதம், நடுவில் உடன் ஊழியன் தீத்துவை அனுப்பினது என்று அலைய வேண்டியிருந்தது. அவ்வளவுக்குப் பிறகும் முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமாபுரியிலிருந்து அங்கத்திய சபைத் தலைவர் கிளெமெந்தின் பெயரில் போன கடிதம், அதே சபை மூப்பர்களைத் தள்ளிவிட்டதைக் கண்டிக்கிறது. ஒன்பது நாளில் எல்லாம் தீரும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அவரை அழைக்காதீர்கள்.

அழைக்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளாக இருந்தால் பேராயர் அனுமதி இல்லாமல் வெளி ஊழியரைக் கூப்பிடுவதே புதுத் தகராறு. முதலில் அங்கே எழுதுங்கள். இந்த வகைப் பணி தனிச் சபைகளுக்குத்தான் அதிகம் பொருந்தும், ஏனென்றால் அவர்களுக்கு மேல்முறையீடு செய்ய ஆள் இல்லை. அடிதடி, காவல் நிலைய வழக்கு என்று போய்விட்ட இடத்துக்கு இது போதாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். மழையிலும் புயலிலும் கடலூரில் வீடு சந்திப்பு நடக்காது, அரிசியும் காயாது. கடற்கரைச் சபைகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், வீடு சந்திப்புக்கு வசதி. ஆனால் கையில் காசு இருக்காது, செலவைச் சரிபாதி போடும்போது அதை நினைவில் வையுங்கள். ஒன்பது நாள் கிடைக்காவிட்டால் பிரசங்கத்தைக் குறையுங்கள், வீடு சந்திப்பை அல்ல. பத்தாம் நாளுக்கு ஒரு வழக்கறிஞரை இப்போதே கேட்டு வையுங்கள்.

பீரோவில் இப்போது ஒரு பூட்டுத்தான். அதற்கு இரண்டு சாவி, தெருவுக்கு ஒன்று. திருமணப் பதிவேடு வெளியே வந்துவிட்டது, ஆராதனை 8.30 மணிக்கு.